ஓவியங்கள் வாழும் வீடுகள் – 9: சாய்ந்த சுவர்

சென்ற இதழில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வெள்ளைச் சுவரைப் பார்த்தோம். 1929-இல் அதன் இயக்குநர் ஆல்ஃபிரட் பார் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் படங்களை ஒரே வரிசையில், கண்மட்டத்தில், தாராளமாக இடைவெளி விட்டு மாட்டினார். பத்தாண்டு கழித்து அந்த முறைக்கென்றே 53-ஆம் தெருவில் சொந்தக் கட்டடம் எழுந்தது. அது திறந்தது 1939 மே மாதத்தில். மூன்று வாரம் கழித்து, ஜூன் 1-ஆம் தேதி, நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் 54-ஆம் தெருவில் வேறோர் அருங்காட்சியகமும் திறந்தது. முன்பு கார் விற்பனைக்கூடமாக இருந்த இடம் அது.

பாரின் கூடத்தைப் பார்த்துவிட்டு அங்கே போனவர்கள் மலைத்திருப்பார்கள். சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிற வெல்வெட் துணி. காலடியில் கனத்த சாம்பல் கம்பளம். படங்கள் கண்மட்டத்துக்கு வெகு கீழே, தரையைத் தொட்டுவிடும் போலத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் அகலமான வெள்ளி நிறச் சட்டம். அறையில் இசையமைப்பாளர் பாக்கின் இசை ஓடிக்கொண்டிருந்தது. படங்களிலோ மனிதர் இல்லை, மரம் இல்லை, பழத்தட்டு இல்லை. வட்டம், கோடு, முக்கோணம், நிறம், அவ்வளவுதான். கூடத்தின் பெயரே பொருள்சாரா ஓவிய அருங்காட்சியகம்.

பணம் சாலமன் குகன்ஹைமுடையது. சுரங்கத் தொழிலில் பெரும் பொருள் சேர்த்த குடும்பம். வெல்வெட்டும் கம்பளமும் இசையும் ஹில்லா ரிபேயின் யோசனை. 1890-இல் ஸ்ட்ராஸ்பர்கில் பிறந்த ஜெர்மன் பிரபுக் குடும்பத்துப் பெண்; தானே ஓவியர். 1927-இல் அமெரிக்கா வந்தார். மறு ஆண்டு குகன்ஹைமின் உருவப்படத்தை வரைய அமர்ந்தவர், எழுந்தபோது அவரைப் புதிய ஓவியத்தின் பக்தராக மாற்றியிருந்தார். 1930-இல் இருவரும் ஜெர்மனி போய் டெஸ்ஸாவில் வாசிலி காண்டின்ஸ்கியைச் சந்தித்தார்கள். அவருடைய ‘கம்போசிஷன் 8’ குகன்ஹைம் சேகரிப்புக்கு வந்தது. சேகரித்தவை முதலில் தொங்கியது பிளாசா ஹோட்டலில் குகன்ஹைம் தங்கியிருந்த அறைகளில்.

ரிபேக்கு ஓவியம் என்பது வழிபாடு. இறைஞான சபைக் கருத்துகளில் ஊறியவர் அவர். பொருள்சாரா ஓவியத்தின் முன் அமைதியாக அமர்ந்தால் மனிதன் மேம்படுவான் என்று உண்மையாகவே நம்பினார். அந்த வெல்வெட் சுவரைக் கேலி செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. சுவரும் தரையும் ஒலியும் சேர்ந்துதான் ஒரு படத்தைக் காட்டுகின்றன என்பதைப் பார் ஒரு வழியில் கண்டுகொண்டார். ரிபே நேரெதிர் வழியில் கண்டுகொண்டார். பாரின் வழி உலகமெங்கும் பரவியதால் மற்றது பைத்தியக்காரத்தனம் என்று ஆகிவிடாது.

1943 ஜூன் 1 அன்று, கூடம் திறந்து சரியாக நான்காண்டு முடிந்த நாளில், ரிபே கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டுக்குக் கடிதம் எழுதினார். ஆன்மாவுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார். அம்மாத இறுதியிலேயே ஒப்பந்தம் கையெழுத்தானது. ரைட்டுக்கு அப்போது 76 வயது நிரம்பியிருந்தது. புல்வெளியில் படுத்துக் கிடக்கும் வீடுகளைக் கட்டிப் பேர் வாங்கியவர். பெருநகரங்களை, அதிலும் நியூயார்க்கை, வாய்க்கு வந்தபடி திட்டியவர். அந்த நகரத்தில் அவருக்குப் பெரிய கட்டடம் என்று அமைந்தது இது ஒன்றுதான்.

மனை 1944 மார்ச்சில் கிடைத்தது: ஐந்தாம் அவென்யூவில், 88, 89-ஆம் தெருக்களுக்கு நடுவே, சென்ட்ரல் பார்க்குக்கு எதிரில். ரைட் பல வடிவங்களை வரைந்து பார்த்தார். அறுகோணமாக ஒன்று, இளஞ்சிவப்புப் பூச்சில் ஒன்று. ரைட்டுக்குச் சிவப்பு பிடிக்கும், ரிபேக்குப் பிடிக்காது. அதைப் பற்றியே இருவருக்குள்ளும் கடிதங்கள் பறந்தன. கடைசியில் நிலைத்தது சுழல். பாபிலோனியரின் படிக்கோபுரம் கீழே அகன்று மேலே குறுகும். ரைட் அதைக் கவிழ்த்துப் போட்டார். கீழே குறுகி, மேலே போகப் போக வெளியே விரிகிற கட்டடம்.

இந்தச் சுழல் திடீரென்று உதித்ததல்ல. 1924-இல் மேரிலாந்தின் சுகர்லோஃப் மலையுச்சிக்காக கார்டன் ஸ்ட்ராங் என்ற செல்வர் ஒரு திட்டம் கேட்டிருந்தார். குடும்பம் குடும்பமாகக் காரில் வருகிறவர்கள் காரை விட்டு இறங்காமலே உச்சிக்கு ஏறி, காட்சி பார்த்து, இறங்கிப் போவதற்கான சுழல் சாலை ஒன்றை ரைட் வரைந்து கொடுத்தார். அது கட்டப்படவில்லை. கைவிடப்பட்ட அந்தக் கார்ச் சாலைதான் இருபதாண்டு கழித்து ஓவியக் கோயிலாக மறுபிறவி எடுத்தது. 1948-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பரிசுப்பொருள் கடைக்குள் சுழல் சரிவு ஒன்றை ரைட் கட்டியும் பார்த்துவிட்டார்.

அருங்காட்சியகத்துக்குள் நடந்து களைத்தவர்களுக்கு ரைட்டின் யோசனை எவ்வளவு நல்லது என்று புரியும். ஐரோப்பிய அரண்மனைகளை அருங்காட்சியகமாக மாற்றியதிலிருந்து ஓர் அறைக்குள் இன்னோர் அறை, அதற்குள் வேறோர் அறை என்பதுதான் வழக்கம். கடைசி அறைக்குப் போய்விட்டு, பார்த்த அறைகள் வழியாகவே திரும்பி வரவேண்டும். ரைட் சொன்னது: லிஃப்டில் உச்சிக்குப் போங்கள். அங்கிருந்து ஒரே சரிவுப்பாதை. கதவு இல்லை, வாசற்படி இல்லை, திரும்பி நடப்பது இல்லை. இறங்கி முடிக்கும்போது வாசல் வந்துவிடும். நடுவே வெட்டவெளி, ஆகவே அருகில் நின்று பார்த்த படத்தை அரைச்சுற்று போனபின் எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி தூரப்பார்வையில் பார்க்கலாம்.

படம் மாட்டும் முறையையும் அவர் யோசித்து வைத்திருந்தார். வெளிச்சுவர் நேராக நிற்காது, பின்பக்கம் சாய்ந்திருக்கும். ஓவியன் வரையும்போது படம் தாங்கியில் சற்றே சாய்ந்துதானே இருக்கிறது, அப்படியே சுவரிலும் சாய்ந்திருக்கட்டும் என்பது அவர் வாதம். ஒவ்வோர் அடுக்கிலும் சுவரின் உச்சியை ஒட்டி நீளக் கண்ணாடிப் பட்டை ஓடும். பகல் வெளிச்சம் அதன் வழியே படத்தின் மேல் வழியும். சுவரின் அடியில் தரையிலிருந்து ஒரு சரிந்த மேடை எழும். பார்ப்பவர் அதில் கால் வைக்கமாட்டார், ஆகவே கயிறு கட்டாமலே படத்திலிருந்து தள்ளி நிற்பார்.

காகிதத்தில் எல்லாம் கச்சிதம். கட்டத்தான் முடியவில்லை. போர் நடந்துகொண்டிருந்தது, போர் முடிந்ததும் விலைவாசி ஏறியது. 1949 நவம்பரில் குகன்ஹைம் காலமானார். அறங்காவலர்களுக்கும் ரிபேக்கும் ஒத்துவரவில்லை. 1952-இல் அவர் இயக்குநர் பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டு அருங்காட்சியகத்தின் பெயரிலிருந்து பொருள்சாரா ஓவியம் போய், சாலமன் குகன்ஹைம் பெயர் வந்தது. புதிய இயக்குநர் ஜேம்ஸ் ஜான்சன் ஸ்வீனி, முன்பு நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். வெள்ளைச் சுவர்ப் பள்ளியில் படித்தவரிடம் சாய்ந்த சுவர்க் கோயில் வந்து சேர்ந்தது.

அடுத்த ஏழாண்டு ரைட்டும் ஸ்வீனியும் மோதிக்கொண்டதை ஒரு தனி நூலாகவே எழுதலாம். ஸ்வீனிக்குக் கிடங்கு வேண்டும், பழுதுபார்க்கும் அறை வேண்டும், அலுவலகம் வேண்டும். ரைட்டின் வரைபடத்தில் இவற்றுக்கெல்லாம் போதிய இடமில்லை. ஸ்வீனிக்கு வெள்ளை வேண்டும். ரைட்டுக்கு மென்மையான தந்த நிறம். இதற்கிடையில் நகராட்சி வேறு. கட்டட விதிகள் நேர்ச்சுவர், நேர்த்தளம் கொண்ட கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சுழல் எந்த விதியிலும் அடங்கவில்லை. நகரத்தில் சகல அதிகாரமும் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ், ரைட்டுக்கு மணவழியில் தூரத்துச் சொந்தம். வடிவம் மோசஸுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உறவு விட்டுப்போகவில்லை. எத்தனை விதியை மீறினாலும் சரி, அனுமதி கொடுங்கள் என்ற தொனியில் அவர் அதிகாரிகளிடம் பேசியதாகச் சொல்வார்கள். 1956-இல் அனுமதி வந்தது. ஆகஸ்டில் வேலை தொடங்கியது.

வெளிப்பக்கம் பிளைவுட் சென்ட்ரிங் அடித்து, உள்ளேயிருந்து குழாய் வழியாகக் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்து அந்த வளைவுகளை எழுப்பினார்கள். எடுத்துச் செய்தவர் ஜார்ஜ் கோஹன் என்ற ஒப்பந்ததாரர். கட்டடத்தின் முகப்பில் தன் பெயரோடு கோஹன் பெயரையும் ரைட் பொறிக்க வைத்தார். கொத்தனார், மேஸ்திரி பெயரெல்லாம் கல்வெட்டில் ஏறுவது எவ்வளவு அரிது என்று நமக்குத் தெரியும். தலைக்கனத்துக்குப் பேர்போன மனிதர் இதைச் செய்தார் என்பது குறித்துக்கொள்ள வேண்டியது.

கான்கிரீட் எழும்போதே எதிர்ப்பும் எழுந்தது. 1956 டிசம்பரில் 21 கலைஞர்கள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்திட்டவர்களில் வில்லெம் டி கூனிங், ஃபிரான்ஸ் கிளைன், ராபர்ட் மதர்வெல் இருந்தார்கள். அன்றைய அமெரிக்க ஓவியத்தின் முதல் வரிசையே திரண்டு வந்தது என்று சொல்லலாம். ஓவியம் என்பது நேர்கோட்டுச் சட்டத்துக்குள் இருப்பது. வளைந்த சுவரும் சரிந்த தரையும் அதை மதிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. ரைட் அவர்கள் பயன்படுத்திய சொற்களையே அவர்கள் மீது திருப்பி வீசிப் பதில் எழுதினார். பழக்கதோஷத்தை அழகியல் என்று நினைத்துக்கொள்கிறீர்கள் என்பது அதன் சாரம்.

யார் பக்கம் நியாயம்? உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு, ரசமட்டமும் தூக்குக்குண்டும் கையில் வைத்துப் பார்ப்போம். சுவரில் மூன்று சிக்கல் ஒருசேர இருக்கின்றன. முதலாவது, சுவர் பின்னால் சாய்கிறது. இரண்டாவது, சுவர் உட்குழிந்து வளைகிறது. தட்டையான படத்தை அதில் சாத்தினால் இரு விளிம்பும் சுவரைத் தொடும், நடுவில் காற்று நிற்கும். மூன்றாவதுதான் வில்லங்கம்: தரை ஓடுகிற வாக்கில் இறங்குகிறது. மொட்டைமாடியில் மழைநீர் வடிய மேஸ்திரி கொடுக்கும் வாட்டத்தைக் கண் கவனிப்பதில்லை, கால்தான் உணரும். இங்கே கண்ணும் கவனித்துவிடுகிறது. ரசமட்டம் வைத்துப் படத்தைக் கிடைமட்டமாக மாட்டினால் அதன் ஒரு மூலை தரைக்கு அருகிலும் மறு மூலை தரையிலிருந்து விலகியும் நிற்கும்; பார்ப்பவருக்குப் படம் கோணலாகத் தெரியும். தரைக்கு இணையாக மாட்டினால் படம் நிஜமாகவே கோணல். போதாக்குறைக்கு ஒவ்வொரு மாடத்தின் உயரமும் ஒன்பதரை அடிதான். டி கூனிங் தலைமுறைக்குப் பின் அமெரிக்கப் படங்கள் அதைத் தாண்டி வளரத் தொடங்கின. எனவே ஓவியர்களின் புகார் வெறும் பழக்கதோஷம் என்று ரைட் தள்ளியது நியாயமில்லை.

ஸ்வீனி கண்டுபிடித்த தீர்வு துணிச்சலானது. படங்களின் சட்டங்களைக் கழற்றினார். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஓர் இரும்புக் கை பொருத்தி, அந்தக் கையைச் சுவரிலிருந்து முன்னோக்கி நீட்டினார். படம் சுவரைத் தொடாமல், நேர்குத்தாக, அந்தரத்தில் நின்றது. சுவருக்கு வெள்ளையடித்தார். ரைட்டின் கண்ணாடிப் பட்டைக்குள் குழல் விளக்குகளைப் பொருத்தினார். ரைட் நினைத்த சாய்வும் போயிற்று, பகலொளியும் போயிற்று. ஆனால் படங்கள் தெரிந்தன. சுழலுக்குள் வெள்ளைச் சுவர்ப் பள்ளி நுழைந்துவிட்டது.

இதையெல்லாம் முழுதாகப் பார்த்துச் சீற ரைட் இல்லை. 1959 ஏப்ரல் 9-ஆம் தேதி, 91-ஆம் வயதில் இறந்துபோனார். அருங்காட்சியகம் அக்டோபர் 21-ஆம் தேதி திறந்தது. பணம் கொடுத்தவர் இறந்து பத்தாண்டு ஆகியிருந்தது. கோயில் வேண்டும் என்று கேட்ட ரிபே உயிரோடு இருந்தார். திறப்பு விழாவுக்கு அவருக்கு அழைப்பு இல்லை. 1967-இல் கனெக்டிகட்டில் இறக்கும்வரை அவர் அந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை என்பார்கள். ஸ்வீனியும் திறப்புக்கு மறு ஆண்டே விலகிவிட்டார்.

பத்திரிகைகள் சலவை இயந்திரம் என்றன. லூயிஸ் மம்ஃபோர்ட் போன்ற மரியாதைக்குரிய விமரிசகர் கடுமையாக எழுதினார். மக்களோ ஐந்தாம் அவென்யூவில் வரிசையில் நின்றார்கள்.

அவர்கள் உள்ளே என்ன கண்டார்கள்? வாசல் தாழ்வானது, கூரை தலைக்கு அருகில். இரண்டு எட்டு வைத்ததும் மேலே ஒன்றுமே இல்லை. சுமார் 96 அடி உயரத்தில் கண்ணாடிக் கூரை. பன்னிரண்டு விலா எலும்புகள் அதைத் தாங்குகின்றன. அதே பன்னிரண்டும் கீழே கான்கிரீட் தடுப்புகளாக இறங்கிச் சரிவுப்பாதையை மாடம் மாடமாகப் பிரிக்கின்றன. தரை மொசைக், அதில் உலோக வளையங்கள் பதித்த வட்டங்கள். பாதை தொடங்கும் இடத்தில் விதை வடிவில் ஒரு சிறு நீர்த்தொட்டி. ஆறு சுற்று, ஏறக்குறைய கால் மைல் நடை. ஒரு பக்கம் மாடங்களும் படங்களும். மறுபக்கம் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் வெளி. நடக்கிறவரின் கண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போகும். எதிர்ச்சுற்றில் நகரும் மனிதர்கள் படங்களைவிடச் சுவாரசியமானவர்கள்.

ரைட்டுக்கு இது தெரியாமல் இல்லை. 1958-இல் அவர் பட்டறையில் தயாரான உட்புற வரைபடம் ஒன்று இருக்கிறது. பார்வையாளர்கள் கூட்டமாகக் கூடி ஒரு மகத்தான ஓவியத்தை ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிறுமி மட்டும் அவர்களுக்கு முதுகு காட்டி, கைப்பிடிச் சுவர் மீது சாய்ந்து, வெட்டவெளிக்குள் யோ-யோவை இறக்கி விளையாடுகிறாள். இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் பல ஆயிரம் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சொல்ல வந்ததை அந்த யோ-யோ சொல்லிவிடுகிறது.

1961-இல் வந்த இயக்குநர் தாமஸ் மெசர் 27 ஆண்டு அந்தச் சரிவோடு குடித்தனம் நடத்தினார். 1962-இல் ஹெர்ஷ்ஹார்ன் சேகரிப்பின் சிற்பங்களைக் கொண்டுவந்து சுழல் முழுக்க வைக்கத் துணிந்தார். படமாவது பரவாயில்லை, நிற்கும் சிற்பம் சரிந்த தரையில் குடித்தவன்போலத் தள்ளாடித் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு சிறு கண்காட்சி ஒன்றில் சோதித்துப் பார்த்து மெசர் ஒரு தந்திரம் கற்றிருந்தார். பீடத்தைத் தரைக்கும் பொருத்தாமல், தூக்குக்குண்டுக்கும் பொருத்தாமல், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கோணத்தில் செய்வது. சிற்பம் உண்மையில் நேராக நிற்காது. கண்ணுக்கு நேராகத் தெரியும். அந்தச் சிறு கண்காட்சியில் எல்லாச் சிற்பங்களும் இதற்கு இணங்கின, ஒன்றைத் தவிர. அலெக்சாண்டர் கால்டரின் தொங்கு சிற்பம். அது கம்பியில் தொங்குவது; கம்பி புவியீர்ப்புக்குத்தான் கட்டுப்படும், மெசருக்கு அல்ல. பொய்யாக நேராக நிற்கும் அத்தனை சிற்பங்களின் நடுவில், மெய்யாக நேராகத் தொங்கிய அந்த ஒன்றுதான் கோணலாகத் தெரிந்தது.

படங்களோடும் சிற்பங்களோடும் இப்படி மல்லுக்கட்டியவர்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலைஞர்கள் சிலர் திரும்பி நின்று வெட்டவெளியைப் பார்த்தார்கள். 1971-இல் டேனியல் பியூரன் என்ற பிரெஞ்சுக்காரர், சுமார் 20 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கோடு போட்ட துணியை நடுவெளியில் தொங்கவிட்டார். எதிர்ச்சுற்றிலிருந்து தங்கள் படைப்புகளைப் பார்க்க முடியாமல் துணி மறைக்கிறது என்று அதே கண்காட்சியில் இருந்த டொனால்ட் ஜட், டேன் ஃபிளேவின் போன்றோர் போர்க்கொடி தூக்கினார்கள். கண்காட்சி திறப்பதற்குள் துணியை இறக்கிவிட்டார்கள். ஆனால் வழி தெரிந்துவிட்டது. 1989-இல் ஜென்னி ஹோல்சர் கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில் மின்னெழுத்துப் பட்டையைச் சுற்றி ஓடவிட்டார். வாசகங்கள் சுழன்றபடி மேலே ஏறின. 1998-இல் மோட்டார் சைக்கிள் கண்காட்சிக்காக ஃபிராங்க் கெரி அதே கைப்பிடிச் சுவருக்குப் பளபளக்கும் எஃகுத் தகடு போர்த்தினார். கார் ஏறுவதற்காக 1924-இல் நினைத்த சரிவில் ஒருவழியாக வண்டிகள் வந்து நின்றன. கலைக்கூடத்தில் மோட்டார் சைக்கிளா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு; கூட்டம் அலைமோதியது.

2010-இல் டினோ சேகல் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுழல் முழுவதையும் காலி செய்துவிட்டார். ஒரு படம்கூட இல்லை. கீழே ஒரு குழந்தை வந்து உங்களைப் பார்த்து, முன்னேற்றம் என்றால் என்ன என்று கேட்கும். பேசிக்கொண்டே ஏறினால் நடுவழியில் ஒரு பதின்பருவத்தவர் பேச்சை வாங்கிக்கொள்வார், பிறகு நடுவயதுக்காரர், உச்சியில் ஒரு முதியவர். சரிவுப்பாதையை வாழ்க்கைப் பாதை என்று சொல்வது பழைய உருவகம்தான். ஆனால் அதை யாரும் சொல்லாமல் கால்களே கண்டுகொள்ளும்படி செய்ததில் திறமை இருக்கிறது. மறு ஆண்டு மௌரிசியோ கத்தலான், தான் வாழ்நாளில் செய்ததில் ஏறத்தாழ எல்லாவற்றையும் கூரையிலிருந்து கயிறுகட்டித் தொங்கவிட்டார். மாடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

இந்தக் கண்காட்சிகளின் புகழ் ஏறிய அதே காலத்தில் நிர்வாகம் ஓசைப்படாமல் ரைட்டிடம் தோற்றதை ஒப்புக்கொண்டுவிட்டது. 1992-இல் சுழலுக்குப் பின்னால் க்வாத்மி–சீகல் நிறுவனத்தார் வடிவமைத்த சுண்ணாம்புக்கல் கோபுரம் திறந்தது. அதில் தட்டையான தரை, நேரான சுவர், சதுர அறை. படம் பார்க்க அங்கே போகலாம், கட்டடம் பார்க்கச் சுழலுக்கு வரலாம் என்ற ஏற்பாடு. அதில் ஒரு நன்மையும் விளைந்தது: கிடங்காகவும் அலுவலகமாகவும் அடைத்து வைத்திருந்த சுழலின் மேற்பகுதி காலியாகி, ரைட் வரைந்த பாதை முதன்முறையாக முழுமையாகப் பொதுமக்களுக்குத் திறந்தது.

நம் நாட்டு வாசுதேவ் கைதொண்டேயின் பெரிய பின்னோக்குக் கண்காட்சி 2014–15-இல் குகன்ஹைமில் நடந்தபோது, அவர் படங்கள் தொங்கியது சுழலில் அல்ல, இணைப்புக் கட்டடக் கூடங்களில். நாக்பூரில் பிறந்து பம்பாயிலும் டெல்லியிலும் வரைந்த அவர், தன் ஓவியத்தைப் பொருள்சாரா ஓவியம் என்றே சொல்லிக்கொண்டவர். ரிபேயின் கோயிலுக்கு அவரைவிடப் பொருத்தமான பக்தர் கிடைத்திருக்கமாட்டார். ஆனால் அடுக்கடுக்காக நிறம் ஏற்றிய அந்தப் படங்களின் முன் அசையாமல் நிற்க வேண்டும். சரிவில் நின்றால் கால் நகரச் சொல்லும். நேர்ச்சுவர் கொடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் சாய்ந்த சுவர் எந்த ஓவியத்துக்குத்தான் பொருந்தும்? விடை 2018 அக்டோபரில் ஸ்வீடனிலிருந்து வந்தது. ஹில்மா அஃப் கிளிண்ட் 1906 முதலே பொருள்சாரா ஓவியங்களை வரைந்தவர். ஆவியுலகத் தூண்டுதலில் வரைவதாக நம்பியவர். தான் இறந்து இருபதாண்டு வரை அவற்றை யாருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர். தன் 193 கோயில் ஓவியங்களுக்காக, சுழற்படி ஏறிப் பார்க்கும் வட்டமான ஆலயம் ஒன்றைக் குறிப்பேடுகளில் கற்பனை செய்து வைத்திருந்தார். அவருக்கு ரைட்டைத் தெரியாது, ரிபேயைத் தெரியாது. அவர் இறந்தது 1944 அக்டோபர் 21. அதே ஆண்டில்தான் ஐந்தாம் அவென்யூ மனை வாங்கப்பட்டது. சரியாகப் பதினைந்து ஆண்டு கழித்து அதே அக்டோபர் 21-இல் கட்டடம் திறந்தது.

அவருடைய ‘பத்துப் பெரிய ஓவியங்கள்’ 1907-இல் வரைந்தவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தே முக்கால் அடி உயரம். ஒன்பதரை அடி மாடத்தில் அவை நிற்காது. ஆனால் கீழ்ச்சுற்றை ஒட்டி ரைட் உயரமாக ஓர் அறையை விட்டு வைத்திருந்தார். பத்தும் அங்கே வரிசையாக ஏறின. மற்றவை சரிவில் தொடர் தொடராக மேலே போயின. அந்தப் படங்கள் தனித்தனியாக நிற்க வரைந்தவை அல்ல. ஒன்றின் தொடர்ச்சி அடுத்தது, பார்ப்பவர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள், அருங்காட்சியகத்தின் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத கூட்டம்.

ஆக, 21 கலைஞர்களின் கடிதமும் சரி, ரைட்டின் பதிலும் சரி, பாதிதான் உண்மை. தனிப் படத்தை நிறுத்திப் பார்க்க அது மோசமான கூடம். ஒருவரின் வாழ்நாள் உழைப்பைத் தொடர்ச்சியாகப் பார்க்க அதைவிட நல்ல கூடத்தை நான் அறியேன். ரிபே கேட்டது இரண்டாவதைத்தான். அவருக்கும் குகன்ஹைமுக்குமாகச் சேர்த்து அந்தக் கட்டடத்தில் ஒரு கண்காட்சி 2005-இல் நடந்தது. 2019-இல் யுனெஸ்கோ, ரைட்டின் எட்டுக் கட்டடங்களை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது இதுவும் பட்டியலில் சேர்ந்தது.

நியூயார்க் போகும் வாசகர்களுக்கு ஒன்று: கண்காட்சிகளைப் பெரும்பாலும் கீழிருந்து மேலே போகும்படிதான் இப்போது அடுக்குகிறார்கள். முதல் முறை அப்படியே பார்த்துவிடுங்கள். பிறகு லிஃப்டில் உச்சிக்குப் போய், ரைட் சொன்னபடி ஒருதரம் இறங்கி வாருங்கள்.

அடுத்த இதழில் பிரேசில். சாவோ பாவ்லோவில் லீனா போ பார்டி சுவரே வேண்டாம் என்று முடிவெடுத்து, 1968-இல் ஓவியங்களைக் கண்ணாடிப் பலகைகளில் நிறுத்திய கதை.

(தொடரும்)